‘போதும்’ என்னும் சொல்

பொன்னைக் கொடுத்தாலும் பொருளைக் கொடுத்தாலும் மனிதன் ‘இன்னும்’ என்பான். இலையில் விழும் சோற்றுக்கு மட்டுமே ‘போதும்’ என்று கையால் மறைப்பான். அன்னதானத்தின் பெருமையைச் சொல்லும்போது பெரியோர் இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். விருந்துப் பந்திக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் சிறு வருமானத்தில் நடக்கும் ஒரு வீட்டின் அடுக்களையில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பானையில் இருப்பது எல்லோருக்கும் எட்டாது என்று அறிந்த தாய், தன் வயிறு நிறையும் முன்பே ‘எனக்குப் போதும்’ என்று எழுந்துவிடுகிறாள். பிள்ளைகள் அதை நம்புகிறார்கள். கணவரும் நம்புகிறார், அல்லது நம்புவது அவருக்கு வசதியாக இருக்கிறது.

சொல் ஒன்று, நிலை இரண்டு. முதலாவது நிறைவிலிருந்து வருகிறது. இரண்டாவது குறைவை மறைக்க வருகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எளிய இல்லறத்தின் மனநிறைவைப் பற்றிப் பேசுவது எளிது. ‘உள்ளதைக் கொண்டு மகிழ்ந்திருங்கள்’ என்று சொல்லிவிடலாம், கேட்பவர்களும் தலையசைப்பார்கள். உள்ளது எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் மட்டும் எழாமலே போய்விடும்.

நெய்யாற்றின் கரையில்

அகத்தியமலையில் பிறந்து பூவாறு அருகே கடலில் கலக்கும் சிறு நதி நெய்யாறு. அதன் மேல்பகுதியில், காட்டாக்கடைக்கு அருகே, 1958-இல் அணை எழுந்தது. ஆறு இறங்கி வரும் வழியில் நெய்யாற்றின்கரை. அதற்குத் தெற்கே பாறசாலை. அதையும் கடந்தால் களியக்காவிளையில் தமிழக எல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்டது, ஆனால் உணவும் உறவும் பேச்சும் இன்றும் இரு புறமும் கலந்தே இருக்கின்றன.

அந்தக் கலப்பில் ஓர் அழகிய சொல் உண்டு. மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும் என்று பொருள். எல்லையோரத் தமிழர் நாவிலும் அது இயல்பாக வந்துவிடும். தமிழிலோ ‘மதி’ அறிவைக் குறிக்கிறது. ‘மதித்தல்’ என்பது அளவிட்டு அறிவதைக் குறிக்கிறது. இவை வெவ்வேறு வழியில் வந்த பொருள்களாகவே இருக்கட்டும். எனினும் ‘மதி’ என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளும் ஒருவரிடம் இரண்டு பொருளும் ஒருங்கே அமைந்தால், அதைத்தான் மனநிறைவு என்று சொல்ல வேண்டும்.

இக்கிராமங்களின் எளிய உணவு பலருக்கும் தெரிந்ததே: கஞ்சி, பயறு, தேங்காய்ச் சம்மந்தி, மரச்சீனிக் கிழங்கு. மரச்சீனி இங்கே தொன்றுதொட்டு இருந்த பயிர் அன்று. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, ஏழைக் குடும்பங்களின் உயிரைத் தாங்கியது இக்கிழங்குதான். இன்றும் முதியோர் அதை வேகவைத்து எடுக்கும்போது ஒரு துண்டையும் வீணாக்குவதில்லை. அது கஞ்சத்தனம் என்று இளைஞர் நினைக்கக்கூடும். பசியை நேரில் கண்ட தலைமுறையின் நன்றியுணர்வு அது.

தறியும் குடும்பமும்

எளிமையில் இயங்கும் இல்லறத்தைக் கண்முன் காண வேண்டுமானால், நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள பாலராமபுரத்துக்குச் செல்ல வேண்டும். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்ம மகாராஜாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. அரண்மனைக்குத் துணி நெய்வதற்காக வந்தவர்கள் அவர்கள். ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என அவர்கள் வாழ்ந்த தெருக்கள் இன்றும் உள்ளன. தறியொலி மட்டும் முன்போல் இல்லை.

இங்கே நெசவு குழித்தறியில் நடக்கிறது. தரையில் தோண்டிய குழியின் விளிம்பில் நெசவாளர் அமர்கிறார். கால்கள் குழிக்குள் மிதிகளை இயக்குகின்றன. கைகள் நாடாவை இப்புறமிருந்து அப்புறம் எறிந்து பிடிக்கின்றன. பார்ப்பவருக்கு ஒருவர் மட்டும் நெய்வதாகத் தோன்றும். உண்மையில் நெய்வது வீடு முழுவதும். நூலைப் பிரித்து ராட்டையில் தார் சுற்றுவது பெரும்பாலும் மனைவியின் வேலை. கண் மங்காத பாட்டி அறுந்த இழையை முடிகிறாள்.

பாவுக்குக் கஞ்சியிடும் வேலையோ ஒரு வீட்டால் முடியக்கூடியது அன்று. வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில், தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, அரிசிக் கஞ்சியைப் பூசி, தூரிகையால் நீவி, தேங்காய் எண்ணெய் தொட்டு, இழையோடு இழை ஒட்டாமல் உலர்த்த வேண்டும். அக்கம்பக்கத்தார் கைகொடுக்காமல் இது நடக்காது. இன்று என் பாவு, நாளை உன் பாவு என்ற முறையில் தெருவே ஒரு குடும்பமாகிவிடுகிறது.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு இயல்பாகவே அமைந்திருக்கிறது. பாவின் நீளம் தறியில் ஏறும் முன்பே அளந்து முடிக்கப்பட்டது. நெய்துகொண்டிருக்கும்போது ஆசைப்பட்டு அதை ஒரு முழம் நீட்ட முடியாது. இருக்கும் பாவில் ஊடை ஒழுங்காக விழுகிறதா என்பதே நெசவாளரின் கவனம். மாதத் தொடக்கத்திலேயே அளவு தெரிந்துவிட்ட வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு இது நன்கு விளங்கும். அத்தகைய வீடுகளில் கணக்கு மூடிவைத்த இரகசியமாக இருப்பதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் இந்த மாதம் புதுச் செருப்பு இல்லை என்பதும், அடுத்த மாதம் உண்டு என்பதும் தெரியும். காரணம் தெரிந்த குறை, தெரியாத குறையைப் போல உறுத்துவதில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். 2019–20-இல் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்போர் ஏறக்குறைய 35 லட்சம் பேர். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாக அக்கணக்கு காட்டியது. கடையில் ஆயிரக்கணக்கில் விலைபோகும் சேலையை நெய்தவரிடம் சென்று, ‘இருப்பதில் திருப்தி கொள்’ என்று உபதேசிப்பது ஆன்மீகம் ஆகாது. தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லி, அன்னத்தை இகழாதே என்று கற்பிக்கும் அதே இடத்தில், அன்னத்தைப் பெருக்கு என்றும் கற்பிக்கிறது. உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்பது மனநிறைவுக்கு முரணானது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. மனநிறைவு ஒருவர் தமக்குத் தாமே வகுத்துக்கொள்ளும் நெறி. மற்றவருடைய கூலியைக் குறைப்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

சந்தோஷமும் தவமும்

வீட்டுக்கு வெளியே உள்ள இந்த நியாயம் வீட்டுக்கு உள்ளேயும் பொருந்துமா? இக்கேள்விக்குப் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் வியக்கத்தக்க தெளிவைத் தருகிறது.

பேச்சுவழக்கில் ‘சந்தோஷம்’ என்பது களிப்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. யோக நூலில் அது ஒரு கலைச்சொல். இரண்டாம் பாதத்தின் 32-ஆம் சூத்திரம் ஐந்து நியமங்களைக் கூறுகிறது: தூய்மை, சந்தோஷம், தவம், சாத்திரக் கல்வி, இறைவனிடம் சரணாகதி. வியாசர் தம் பாஷ்யத்தில் சந்தோஷத்தை வரையறுக்கும்போது, கையருகே உள்ள சாதனங்களுக்கு மேல் பெற விரும்பாமையே அது என்கிறார். அதை அடுத்துத் தவத்தை விளக்குகிறார். இரட்டைகளைப் பொறுத்துக்கொள்வது தவம். எந்த இரட்டைகள்? குளிரும் வெப்பமும் பிறகுதான் வருகின்றன. அவர் முதலில் எடுத்துக்காட்டுவது பசியையும் தாகத்தையும்.

இந்த வரிசையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பசியைப் பொறுப்பது சந்தோஷத்தின் பட்டியலில் இல்லை. தவத்தின் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் தனித்தனி நியமங்கள். அப்படியானால், வயிறு நிறையாமலே ‘எனக்குப் போதும்’ என்று எழும் தாய் செய்வது தவம். அதைச் சந்தோஷம் என்று பெயரிட்டு அழைத்தால் அவளுக்கும் நீதி செய்ததாகாது. சாத்திரத்துக்கும் நீதி செய்ததாகாது. அவளுடைய தவத்தின்மேல் மற்றவர்கள் தங்கள் சந்தோஷத்தை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே உண்மை நிலை.

தவம் உயர்ந்ததுதானே, அதில் குறை என்ன என்று கேட்கலாம். தவம் ஒருவர் தாமே அறிந்து ஏற்பது. வழக்கம் என்ற பெயரில் ஒருவர்மீது சுமத்தப்படும்போது அது தவம் என்ற தகுதியை இழக்கிறது. ஏற்றாலும் அதற்கு அளவு உண்டு. மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதே இருப்பவனுக்கும் யோகம் இல்லை என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் வகுக்கும் நெறி. பதினேழாம் அத்தியாயமோ உடலை வாட்டி வதைக்கும் கடுந்தவத்தைக் கண்டிக்கிறது.

இது வெறும் தத்துவ ஆராய்ச்சி அன்று. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். அதே வயது ஆண்களில் அது 25 விழுக்காடு. தமிழகப் பெண்களில் இது 53 விழுக்காடு, கேரளத்தில் 36. இரத்தசோகைக்கு உடலியல் காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றையும் சோற்றுப்பானையின்மீது ஏற்றிவிட முடியாது. ஆயினும் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பது என்ற பழக்கத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்லத் துணிபவர் எவர்? கீரையும் பயறும் மீனும் முட்டையும் வாங்கப்படும் வீட்டில்கூட, அவை கடைசி இலைக்கு வந்து சேர்வதில்லை.

உலையில் இடுமுன் ஒரு பிடி

குறைவை எப்படிப் பகிர்வது என்பதற்கு நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். உலையில் இடுவதற்காக அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் போடும் வழக்கமே அது. காஞ்சிப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதைப் ‘பிடி அரிசித் திட்டம்’ என்ற பெயரில் தமிழகமெங்கும் பரப்பினார். கேரளத்தில் ‘பிடியரி’ என்று வழங்கும் இவ்வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவி சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் ஏழைகளுக்கு உதவ மேற்கொண்டார். சமயம் வேறாயினும் பானையின் நியாயம் ஒன்றே.

இதில் நுட்பமான செய்தி, பிடி எப்போது எடுக்கப்படுகிறது என்பது. சமைத்து, பரிமாறி, உண்டு முடித்தபின் எஞ்சியதிலிருந்து அன்று. உலையில் இடுவதற்கு முன்பே. ஆகவே ஒரு பிடியின் குறைவு பானை முழுவதற்கும் பரவிவிடுகிறது. ஒவ்வொருவர் இலையிலும் சில பருக்கைகள் குறையும். யாருடைய வயிறும் அதை உணராது. அதே ஒரு பிடியை ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்தால் அவருக்கு அது பசி. மாதக்கடைசியில் கலத்தில் சேர்ந்த அரிசி விருந்தினருக்கோ, வேலையில்லாத மழைநாளுக்கோ உதவுகிறது. மழை மாதங்களில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும் வீடுகளுக்கு இது சிறிய உதவி அன்று.

1998-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் பெண்கள் வாரந்தோறும் சேர்க்கும் சிறு தொகையும் ஏறக்குறைய இதே முறைதான். செலவுக்குமுன் சேமிப்பு, அதுவும் பலர் அறியச் சேமிப்பு. அங்கே கணக்கை எழுதுபவளும் படிப்பவளும் பெண்ணே. இது வீட்டின் கணக்கையும் மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

பத்துப் பேர் போதும்

அன்றாடச் சிக்கனத்தை ஒரே நாளில் கரைத்துவிடுவது திருமணச் செலவு. இதைத் தெளிவாகக் கண்டவர் நெய்யாற்றங்கரையிலேயே தம் அறப்பணியைத் தொடங்கிய ஸ்ரீ நாராயண குரு. 1888-இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்த நிகழ்ச்சி எல்லோரும் அறிந்தது. அடுக்களைக் கணக்கைப் பற்றி அவர் கொண்டிருந்த அக்கறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அக்காலத்தில் பூப்பெய்தாத சிறுமியருக்குத் ‘தாலிகெட்டுக் கல்யாணம்’ என்ற சடங்கு நடந்தது. உண்மையான திருமணம் பின்னால் வேறாக நடக்கும். ஊருக்கெல்லாம் விருந்து வைத்து, கடன்பட்டு, நிலத்தை இழந்த குடும்பங்கள் பல. குரு இச்சடங்கைக் கைவிடச் செய்தார். திருமணத்துக்குப் பத்துப் பேர் போதும் என்றார்: மணமக்கள் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர், ஆளுக்கொரு துணையாக இருவர், புரோகிதர் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர். ஒரு ஞானி விருந்தினர் எண்ணிக்கையை எண்ணிக் கொண்டிருப்பதா என்று சிலர் வியக்கலாம். அந்த எண்ணிக்கையில்தான் ஒரு விவசாயியின் இருபது ஆண்டு உழைப்பு நின்றது.

சடங்கு மறைந்தது, கடன் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. எல்லையின் இரு புறமும் இன்று பெண்ணைப் பெற்றவரின் தூக்கத்தைக் கெடுப்பது சவரன் கணக்கு. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தை அறியாதவர் யாருமில்லை; மதிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு. நாள்தோறும் அரை உருண்டை சோற்றைத் தன் இலையில் குறைத்துக்கொண்ட ஒரு தாயின் சேமிப்பு, ஒரு மாலைப்பொழுதில் மின்விளக்கு அலங்காரமாக எரிந்து அணைகிறது. அந்த மண்டபத்திலும் கடைசிப் பந்தியில்தான் அவள் அமர்கிறாள்.

நான்கு குடவம்

மகாபாரதத்தின் அசுவமேதிக பருவத்தில் வரும் பொன்னிறக் கீரியின் கதை வாசகர்களுக்குப் புதிதன்று. தருமபுத்திரரின் வேள்விச்சாலைக்கு வந்த கீரி, இந்தப் பெருவேள்வி ஓர் ஏழைக் குடும்பம் அளித்த மாவுக்கு ஈடாகாது என்று சொல்லும் கதை அது. தானத்தின் பெருமைக்காகவே அது எடுத்துச் சொல்லப்படுகிறது. அதில் தானத்துக்கு முன்பு நடந்த ஒரு சிறு செயல் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

குருக்ஷேத்திரத்தில் ஓர் அந்தணர், அறுவடையான வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழும் உஞ்சவிருத்தியில் இருந்தார். மனைவி, மகன், மருமகள் என வீட்டில் நால்வர். பஞ்ச காலம். பலநாள் பட்டினிக்குப்பின் ஒரு பிரஸ்தம் அளவு யவை கிடைத்தது. அதை மாவாக்கினார்கள். ஒரு பிரஸ்தம் என்பது நான்கு குடவம். ஆளுக்கு ஒரு குடவமாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று இதிகாசம் அளவோடு குறிப்பிடுகிறது. வீட்டுத் தலைவருக்கு ஒன்றரையும் மருமகளுக்கு அரையும் அன்று. வேறு வீட்டிலிருந்து வந்த இளம்பெண்ணுக்கும் முழுக் குடவம்.

உண்ண அமரும்போது விருந்தினர் வருகிறார். அந்தணர் தம் பங்கைக் கொடுக்கிறார். விருந்தினரின் பசி அடங்கவில்லை. மனைவி தன் பங்கை நீட்டுகிறாள். அவர் உடனே வாங்கிவிடவில்லை. அவள் முதுமையாலும் பசியாலும் மெலிந்து எலும்பும் தோலுமாக இருப்பதைப் பார்க்கிறார். பூச்சிகளும் விலங்குகளும்கூடத் தம் துணையைக் காக்கின்றனவே, உன் உணவை நான் எப்படிப் பெறுவேன் என்று மறுக்கிறார். அவள் தன் தருமத்தைச் சொல்லி வற்புறுத்திய பிறகே வாங்குகிறார். அடுத்து மகன் தன் பங்கைக் கொண்டுவருகிறான். இளையோருக்குப் பசி கொடியது என்று அவனிடமும் தயங்குகிறார்.

இறுதியில் மருமகள் வருகிறாள். காற்றிலும் வெயிலிலும் வாடி, விரதத்தால் இளைத்து, நிறம் மங்கி நிற்கும் உன்னிடமிருந்து இதை எப்படி வாங்குவது, அறம் தவறியவன் ஆவேனே என்று மாமனார் கூறுகிறார். அவளும் வாதாடுகிறாள், அதன் பிறகே அவர் அவளுடைய குடவத்தை வாங்கி விருந்தினருக்குக் கொடுக்கிறார். வந்த விருந்தினர் தருமதேவதை என்பது அதன்பின் தெரியவருகிறது. அது தெரியாத வேளையில், மண் தரையில் நான்கு கலங்களோடு நால்வர் அமர்ந்திருந்த அந்த வீட்டில், யார் எவ்வளவு பசியோடு இருக்கிறார் என்பது மற்ற மூவருக்கும் தெரிந்திருந்தது.